கணக்கால் உயிர்காத்த காரிகை

உலகில் அருளுடையார் பலர் உளர். அறிவுடையாரும் பலர் உளர். அருளும் அறிவும் ஒருங்கே அமையப்பெற்றார் மிகச் சிலரே. பிறர் துன்பங் கண்டு உள்ளம் உருகுவது அருள். அத்துன்பம் எதனால் வந்தது, எத்துணைப் பேரைப் பற்றியது, எவ்வாறு நீங்கும் என்று ஆராய்ந்து காண்பது அறிவு. தாம் கண்டதைப் பிறரும் காணுமாறு செய்து, ஆள்வோர் நெஞ்சை அசைத்து, அத்துன்பத்தை வேரோடு களைவது ஆற்றல். இம்மூன்றும் ஒருங்கு வாய்ந்த பெருமாட்டி ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். இரவில் விளக்கேந்தி நோயாளரிடையே உலவிய நங்கை என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. விளக்கேந்திய அக்கையே கணக்கேட்டையும் ஏந்திற்று என்பதைப் பலர் அறியார். விளக்கின் ஒளி ஒரு மருத்துவமனையில் கிடந்தார்க்கு ஆறுதல் அளித்தது. கணக்கின் ஒளியோ, அவர் கண்ணாற் காணாத நாடுகளிலும் பல்லாயிரவர் உயிரைக் காத்தது.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்து நாட்டுச் செல்வராகிய வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் என்பார், தம் மனைவியாருடன் ஐரோப்பாவில் நெடும்பயணம் செய்துகொண்டிருந்தார். அப்பொழுது இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில், 1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள், அவர்களுக்கு இரண்டாம் பெண்மகவு பிறந்தது. பிறந்த நகரின் பெயரையே அக்குழந்தைக்கு இட்டனர். பின்னர்க் குடும்பத்தார் தாயகம் திரும்பி, டார்பிசயரிலும் ஆம்சயரிலும் இருந்த தம் மாளிகைகளில் வாழ்ந்தனர்.

அக்காலத்துச் செல்வர்வீட்டுப் பெண்கள் இசையும் தையலும் விருந்தோம்பும் முறையும் கற்றால் போதும் என்று கருதப்பட்டனர். பிளாரன்சின் தந்தையாரோ கல்வியிற் பெருவிருப்பினர். அவர் தம் மக்கள் இருவர்க்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்ப்பொருள் நூல் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவருக்குக் கணக்கின்மீது தனியார்வம் தோன்றியது. கணக்குப் பெண்களுக்கு எதற்கு என்று தாயார் தடுத்தார். மகளோ விடவில்லை. தந்தையாரின் உடன்பிறந்த அத்தையார் பரிந்து பேச, கணக்குப் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. பிற பெண்கள் நடனமும் விருந்தும் நாடிய வயதில், அவர் எண்களின் அட்டவணைகளை விரும்பிப் படித்தார்.

தொண்டு நாடிய உள்ளம்

தம் பதினாறாம் வயதில், 1837-ஆம் ஆண்டில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். நோயாளரைப் பேணுவதே அத்தொண்டு என்பது சில ஆண்டுகளில் அவருக்குத் தெளிவாயிற்று. ஆயின் அக்காலத்து மருத்துவமனைகள் அழுக்கும் நாற்றமும் நிறைந்தவை. அங்கே பணிபுரிந்த பெண்களிற் பலர் பயிற்சி இல்லாதவர். குடிப்பழக்கம் உடையவர் என்று இகழப்பட்டவர். உயர்குடிப் பெண் அத்தொழிலை மேற்கொள்வதா என்று வீட்டார் வெகுண்டனர். திருமணம் செய்துகொள்ள வந்த தகுதி மிக்க ஒருவரையும் அவர் மறுத்துவிட்டார்.

காத்திருந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. பல நாட்டு மருத்துவமனை அறிக்கைகளை வருவித்து, விடியற்காலையில் விளக்கொளியிற் படித்துக் குறிப்பெடுத்தார். 1851-ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் கைசர்சுவெர்த்து என்னும் ஊரில் இருந்த தொண்டர் இல்லத்தில் மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். 1853-இல் இலண்டனில் நோயுற்ற பெண்டிர்க்கென அமைந்த ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டிலேயே பெரும்போர் ஒன்று அவரை அழைத்தது.

ஸ்கூட்டாரியின் துயரம்

உருசிய நாட்டிற்கும் துருக்கி நாட்டிற்கும் மூண்ட போரில், 1854-ஆம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. கருங்கடலை அடுத்த கிரிமியாவில் பெரும்போர் நிகழ்ந்தது. காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பலேற்றப்பட்டு, காண்ஸ்டாண்டிநோபிள் நகரின் எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே பழைய படைவீடு ஒன்று மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. வீரர்கள் கவனிப்பாரற்று மடியும் செய்தியை இலண்டன் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர் எழுத, இங்கிலாந்து முழுதும் கொதித்தெழுந்தது. போர்த்துறைச் செயலராக இருந்த சிட்னி ஹெர்பர்ட்டு, நைட்டிங்கேல் அம்மையாரின் தகுதியை நன்கறிந்தவர். அவர் வேண்டுகோளை ஏற்று, அம்மையார் 38 பெண்களுடன் புறப்பட்டு, 1854 நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரியை அடைந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி கொடியது. நோயாளர் நெடிய கூடங்களில் நெருங்கிக் கிடந்தனர். கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைபட்டுத் தேங்கி நின்றது. எலிகள் ஓடித் திரிந்தன. மாற்றுத்துணி இல்லை, குளிக்க ஏனம் இல்லை, நோயாளர் உண்ணத்தக்க உணவும் இல்லை. அம்மையார் தம் பொறுப்பில் இருந்த பணத்தைக் கொண்டு துணியும் தூரிகையும் பாத்திரமும் வாங்கினார். சமையலறையும் சலவையிடமும் அமைத்தார். பகலெல்லாம் உழைத்தபின், இரவில் விளக்குடன் கூடங்களைச் சுற்றிவந்தார்.

அத்துணை உழைத்தும் சாவு குறையவில்லை; அந்த மாரிக்காலத்தில் மேலும் பெருகிற்று. 1855 பிப்பிரவரித் திங்களில் அம்மருத்துவமனையின் சாவு விகிதம் 100-க்கு 42 என்னும் அளவை எட்டியது. மார்ச்சுத் திங்களில் அரசு அனுப்பிய துப்புரவுக் குழு ஒன்று வந்து சேர்ந்தது. சதர்லாந்து என்னும் மருத்துவரும் இராலின்சன் என்னும் பொறியியல் அறிஞரும் அதில் இருந்தனர். அவர்கள் சாக்கடைகளைக் கழுவித் திறந்தனர், இறந்த விலங்குகளை அகற்றினர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர், காற்றோட்டம் அமைத்தனர். சூன் திங்களுக்குள் அவ்விகிதம் 100-க்கு 2 என்ற அளவிற்கு இறங்கியது.

கணக்குக் காட்டிய உண்மை

போர் முடிந்து 1856 ஆகஸ்டில் அம்மையார் தாயகம் திரும்பினார். நாடு அவரை வாழ்த்திப் பாடிற்று. அவர் மனமோ மடிந்த வீரரையே எண்ணிக்கொண்டிருந்தது. கிரிமியாவில் பற்றிய கடுங்காய்ச்சல் அவர் உடல்நலத்தைக் குலைத்துவிட்டது. அதன்பின் பல ஆண்டுகள் அவர் பெரும்பாலும் படுக்கையிலும் சாய்விருக்கையிலும் இருந்தே பணிபுரிந்தார். விக்டோரியா அரசியாரை நேரிற் கண்டு, படையின் உடல்நலம் பற்றி ஆராய அரசாணைக் குழு ஒன்று வேண்டும் என முறையிட்டார். போரமைச்சர் பான்மூர் பிரபு காலம் தாழ்த்தினார். அம்மையார் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1857 மே திங்களில் அக்குழு அமைந்தது. சிட்னி ஹெர்பர்ட்டு அதன் தலைவரானார். பெண்ணாதலின் அம்மையார் குழுவில் உறுப்பினராக இயலவில்லை; தம் சான்றுரையை எழுத்து வடிவில் அளித்தார். ஆயினும் அக்குழுவின் பணிக்கு உயிராக நின்றவர் அவரே.

பிறப்பு இறப்புக் கணக்குகளை ஆராய்வதில் தலைசிறந்து விளங்கிய வில்லியம் ஃபார் என்பார் அவருக்குத் துணைநின்றார். மருத்துவமனைப் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் குழம்பிக் கிடந்தன. இருவரும் அவற்றை ஒழுங்குபடுத்தி, திங்கள்தோறும் இறந்தோர் தொகையையும் இறப்பின் காரணங்களையும் வகுத்தனர். வெளிவந்த உண்மை திடுக்கிடச் செய்வதாயிற்று.

1855 சனவரித் திங்களில் கீழைநாட்டில் இருந்த ஆங்கிலப் படையினர் ஏறத்தாழ 32,000 பேர். அவ்வொரு திங்களில் காயத்தால் இறந்தோர் 83 பேர். பிற காரணங்களால் இறந்தோர் 324 பேர். தடுக்கத்தக்க தொற்றுநோய்களால் இறந்தோரோ 2,761 பேர். பகைவரின் குண்டு ஒருவனைக் கொன்றால், அழுக்கும் நோயும் முப்பத்து மூவரைக் கொன்றன. அவ்விகிதத்தில் ஓராண்டு சென்றிருப்பின், புதுப்படை வாராத நிலையில், படை முழுதும் நோய்க்கே இரையாகியிருக்கும்.

இக்கணக்கு அம்மையாரையும் சுட்டது. போர்க்காலத்தில், உணவும் உடையும் உரிய பொழுதில் வாராமையும் வீரர் அளவிறந்து தளர்ந்தபின் கொண்டுவரப்பட்டமையுமே சாவுக்குத் தலையாய காரணங்கள் என்று அவர் எண்ணியிருந்தார். மருத்துவமனைகளை ஒப்பிட்டு நோக்கியபொழுது, தாம் பணிபுரிந்த ஸ்கூட்டாரியிலேயே சாவு மிக்கிருந்தமை தெரிந்தது. அடைபட்ட சாக்கடையும் காற்றோட்டம் இன்மையும் நெருக்கமும் நோயைப் பெருக்கியிருந்தன. தாம் இரவு பகலாக உழைத்த இடமே வீரர்க்குக் கூற்றாயிருந்தது என்பதை அறிவது எளிதன்று. அதனைப் பிறர்க்கு எடுத்துரைப்பது அதனினும் அரிது. புகழின் உச்சியில் இருந்த அவர் அவ்வெண்களை மறைத்திருக்கலாம். அவரோ மறைக்கவில்லை. இறந்தோர்க்குத் தாம் செய்யத்தக்க கடமை, உண்மையைச் சொல்லி, இருப்போரைக் காப்பதே எனத் துணிந்தார்.

நிறம் பேசிய வரைபடம்

உண்மையைக் கண்டாயிற்று, அதனைப் பிறர் உணரச் செய்வது எவ்வாறு? கணக்கு வறண்டிருப்பதே அதற்கு அழகு என்பது ஃபாரின் கருத்து. அம்மையார் மக்களின் இயல்பை அறிந்தவர். பக்கம் பக்கமாக அடுக்கிய எண்களை அமைச்சரும் படைத்தலைவரும் புரட்டிப் பாரார். காதால் கேட்டும் பொருட்படுத்தாதவர் கண்ணாற் கண்டால் உணர்வர் என்று அவர் தெளிந்தார். எண்களைப் படமாக்கும் முறை அவர் கண்டதன்று. வில்லியம் பிளேபேர் என்பார் 1786-ஆம் ஆண்டிலேயே வாணிகக் கணக்குகளை வரைபடமாக்கி நூல் வெளியிட்டிருந்தார். அம்முறையை உயிர் காக்கும் கருவியாக்கியமை அம்மையாரின் சிறப்பு.

1858-இல் அவர் வெளியிட்ட வரைபடம் உலகப் புகழ் பெற்றது. வட்டம் ஒன்றை எண்ணுங்கள். அது பன்னிரண்டு சமகோணங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் ஒரு திங்களைக் குறிக்கும். கோணம் யாவற்றிற்கும் 30 பாகையே. ஆயின் சாவு மிக்க திங்களின் பகுதி மையத்திலிருந்து நெடிது நீண்டிருக்கும். குறைந்த திங்களின் பகுதி குறுகியிருக்கும். நீலநிறம் தடுக்கத்தக்க நோயால் வந்த சாவைக் காட்டும். செந்நிறம் காயத்தால் வந்த சாவைக் காட்டும். கருநிறம் பிற காரணங்களைக் காட்டும். மூன்று நிறங்களும் மையத்திலிருந்தே அளக்கப்படும். படத்தை நோக்கியவுடன், மலரின் பேரிதழ்போல் விரிந்த நீலமும், நடுவே சுருங்கிய செம்மையும் கண்ணைக் கவ்வும். வீரரைக் கொன்றது பகைவர் படையன்று என்பதைக் கல்லாதாரும் ஒரு நொடியில் அறிவர்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. முன்னர் வரைந்த படமொன்றில் அம்மையார் சாவின் அளவை நீளத்தால் குறித்திருந்தார். ஆனால் கோணம் மாறாத வட்டப்பகுதியின் நீளம் இருமடங்கானால் பரப்பு நான்மடங்காகும். காண்போர் பரப்பையே நோக்குவராதலின், துன்பம் உள்ளதினும் மிகுதியாகத் தோன்றும். இது தம் வழக்கிற்குத் துணைசெய்யும் பிழையேயாயினும் அவர் அதனை விட்டுவைக்கவில்லை. திருத்தக் குறிப்பு இணைத்தார். புதிய படத்தில் சாவின் அளவைப் பரப்பாலேயே காட்டினார். படத்தைப் படிக்கும் முறையையும் அதன் அருகே எழுதிவைத்தார். நெஞ்சை அசைக்க விரும்பினார். ஆயினும் கண்ணை ஏமாற்ற விரும்பினாரல்லர்.

முதலாண்டுப் படத்தின் அருகே இரண்டாம் ஆண்டின் படத்தையும் வைத்தார். 1856 சனவரியில் படை 44,000-க்கும் மேலாகப் பெருகியிருந்தது. ஆயினும் அத்திங்களில் நோயால் இறந்தோர் 42 பேரே. படைத்தொகை ஆண்டுக்காண்டு மாறியமையால், இறந்தோர் தொகையை மட்டும் ஒப்பிடாமல், 1,000 பேர்க்கு எத்துணைப் பேர் என்னும் விகிதத்தையே அவர் அளவுகோலாகக் கொண்டார். பெரும்படையின் சாவையும் சிறுபடையின் சாவையும் நேர்மையாக ஒப்பிட இதுவே வழியாகும்.

அமைதிக்காலத்திலும் அழிவு நீங்கவில்லை என்பதையும் அவர் காட்டினார். இருபது முதல் இருபத்தைந்து வயதுவரை உள்ள ஆங்கில ஆடவருள் ஆண்டுதோறும் 1,000-க்கு 8.4 பேர் இறந்தனர். அதே வயதுடைய படைவீரருள், தாயகத்துப் படைவீடுகளில் இருந்தோர்க்குள்ளேயே, 17 பேர் இறந்தனர். உடல்வலி தேர்ந்து எடுக்கப்பட்ட வீரர், பொதுமக்களினும் இருமடங்கு மடிந்தனர். இதனைக் குறுங்கோடு ஒன்றும் நெடுங்கோடு ஒன்றுமாக இணைத்து வரைந்து காட்டினார். படங்கள் அரசியாருக்கும் அமைச்சர்க்கும் மருத்துவர்க்கும் படைத்தலைவர்க்கும் அனுப்பப்பட்டன.

விளைந்த பயன்

படம் பேசிற்று, ஆள்வோர் செவிசாய்த்தனர். படைவீடுகளில் காற்றோட்டமும் நன்னீரும் கழிநீர்க் கால்வாயும் அமைக்கப்பெற்றன. படைக்கெனத் தனிப் புள்ளிவிவரத் துறை நிறுவப்பட்டது. 1860-இல் படை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு அக்காலத்தில் நிலைபெறவில்லை. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அம்மையாரும் நம்பினார். எனினும் தூய்மை செய்த இடத்தில் சாவு குறைந்தது என்னும் கணக்குப் பொய்யாகவில்லை. காரணம் முழுதும் விளங்காத பொழுதும், கவனமாக எண்ணிய எண் மக்களை நல்வழியில் நடத்தியது.

1858-இல் இலண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பேறு பெற்ற முதற்பெண்மணி அவரே. நோயின் பெயர்களையும் பதிவு முறையையும் எல்லா மருத்துவமனைகளும் ஒரேவகையாகக் கையாள வேண்டும் என்னும் அவர் திட்டம், 1860-இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவர மாநாட்டில் ஆராயப்பட்டது. அதே ஆண்டில் புனித தாமசு மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தோன்றியது.

அவர் கருத்து நம் நாட்டின்மீதும் சென்றது. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் இறந்துவந்தனர். 1859-இல் அமைந்த அரசாணைக் குழுவிற்காக அவர் படைநிலையங்கள் தோறும் வினாத்தாள் அனுப்பி விடை பெற்று ஆராய்ந்தார். அதன் விளைவாக 1864-இல் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாணங்களில் நலவாழ்வுக் குழுக்கள் ஏற்பட்டன. 1873-இல் அவ்விகிதம் 1,000-க்கு 18 ஆகக் குறைந்திருந்தது. படையோடு நில்லாமல், இந்நாட்டுச் சிற்றூர் மக்களுக்கும் நன்னீரும் பாசனமும் வேண்டும் என்று அவர் பல்லாண்டு எழுதிவந்தார். இந்தியாவை அவர் ஒருநாளும் நேரிற் கண்டதில்லை. எண்களின் வாயிலாகவே கண்டார்.

இறுதி நாள்கள்

முதுமையில் அவர் கண்ணொளி மங்கியது. 1907-ஆம் ஆண்டில் பெருஞ்சிறப்பு விருதாகிய தகுதி விருதினை அரசர் வழங்கினார். அதனைப் பெற்ற முதற்பெண்மணியும் அவரே. 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில், இலண்டனில் உயிர்நீத்தார். வெசுட்டுமின்சுடர்ப் பெருங்கோயிலில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும், உறவினர் அதனை ஏற்காமல், ஆம்சயரில் உள்ள சிற்றூர்க் கோயிலிலேயே அடக்கம் செய்தனர். கல்லறையில் அவர் முழுப்பெயர் இல்லை. பெயரின் முதலெழுத்துகளே உள்ளன. அவர் பிறந்த மே 12-ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

அவர் காட்டிய வழி இன்று மருத்துவ உலகெங்கும் பரவியுள்ளது. புதிய மருந்தொன்றைப் பொதுமக்களுக்கு அளிக்குமுன், இசைந்து முன்வந்தோரிடம் அதனை ஆராய்கின்றனர். ஒரு சாரார்க்குப் புதுமருந்தும், மற்றொரு சாரார்க்குப் பழைய மருந்தோ மருந்தில்லாத மாத்திரையோ தருகின்றனர். எச்சாரார்க்கு என்ன தீங்கு, எத்துணைப் பேர்க்கு, எந்நாளில் நேர்ந்தது எனக் குறித்து, அவற்றை வரைபடமாக்கி அறிஞர் முன் வைக்கின்றனர். எண்ணப்பட்டோர் மொத்தம் எத்துணையர் என்று கூறுதல், இருசாராரையும் ஒரே அளவுகோலால் அளத்தல், தீங்கைக் குறைத்தோ மிகுத்தோ காட்டாமை, படிக்கும் முறையை விளக்குதல் ஆகியவை அத்தகைய படத்திற்கு இன்றியமையாதன. இந்நெறிகளை அம்மையார் தம் வாழ்விலேயே கடைப்பிடித்துக் காட்டினார்.

மாணவர்காள்! வகுப்பிற் பயிலும் வட்டமும் கோணமும் பரப்பும் விகிதமும் தேர்வுக்காக மட்டும் அமைந்தவை என்று கருதற்க. அருள் நிறைந்த நெஞ்சினர் கையில் அவை உயிர்காக்கும் மருந்தாகும். ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஓர் உயிர் நிற்கின்றது. அதனை மறவாமல் எண்ணுக. எண்ணியதை மறையாமல் காட்டுக.